வெப் டெவலப்மென்ட் படிக்க எந்த மெஷின்? தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஒரு கணக்கு

"ஐ5 இருந்தாப் போதுங்களா?" முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். ப்ளஸ் டூ முடித்த பிள்ளைக்கு வாங்கித் தரும் அப்பாவும் இதைத்தான் கேட்கிறார், பர்கூர் இன்ஜினியரிங் காலேஜில் சேர்ந்த பையனும் இதைத்தான் கேட்கிறான். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் பழகுகிற ஆளின் கம்ப்யூட்டர் முதலில் திணறுவது ரேமில். அடுத்து டிஸ்க்கில். ப்ராசஸர் மூன்றாவது. ஆனால் கடையில் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பது ப்ராசஸருக்கு மட்டும்தான் என்பதால் பணமும் அங்கேயே போய்விடுகிறது.

8 ஜிபி ரேம் உள்ள விண்டோஸ் 11 லேப்டாப்பை எடுத்துக்கொள்வோம். எதையும் திறக்காதபோதே விண்டோஸ் சுமார் 3 ஜிபி பிடித்து வைத்திருக்கும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத மெஷின் என்றால் திரைக்கான பங்கும் இதே ரேமிலிருந்துதான் போகும். குரோமில் யூடியூப் பாடம் ஒன்று, வெப் குறிப்புத் தளமான எம்டிஎன்னில் பக்கம் இரண்டு, சாட்ஜிபிடி ஒன்று, வாட்ஸ்அப் வெப் ஒன்று, நாம் எழுதிக்கொண்டிருக்கும் பக்கம் ஒன்று என்று வைத்தால் ஒன்றரை முதல் இரண்டு ஜிபி. கோட் எழுதும் எடிட்டரான விஎஸ் கோட், எக்ஸ்டென்ஷன்களோடு முக்கால் ஜிபிக்குக் குறையாது. பக்கத்தைத் துண்டு துண்டாகக் கட்ட உதவும் ஜாவாஸ்கிரிப்ட் கருவியான ரியாக்ட் பக்கம் போய்விட்டால், பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் நடத்தும் சர்வருக்கு இன்னொரு 300, 400 எம்பி. திரைக்கான பங்கையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள், ஆறு, ஆறரையைத் தொட்டுவிடும். அதற்கு மேல் ஒரு டேப் திறந்தாலும் விண்டோஸ் ரேமில் இருப்பதை டிஸ்க்கில் எழுதி எழுதி இடம் ஒதுக்க ஆரம்பிக்கும். குரோமும் தன் பங்குக்குப் பழைய டேப்பைத் தூங்க வைக்கும். திரும்ப அந்த டேப்புக்குப் போனால் பக்கம் மறுபடி லோட் ஆகும். ஹாட்ஸ்பாட்டில் வேலை செய்கிறவருக்கு இதில் நேரத்தோடு டேட்டாவும் போகிறது.

ஆக 8 ஜிபி பாஸ் மார்க், 16 ஜிபி நிம்மதி. 4 ஜிபிக்கு வேறு வழி இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

"இப்போ 8 எடுத்துக்கோங்க, அப்புறம் ஏத்திக்கலாம்" என்று கடையில் சொல்வார்கள். ஏற்ற முடியுமா என்பதை அங்கேயே பார்த்துவிடலாம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸில் மெமரியைத் தொட்டால், எத்தனை ஸ்லாட்டில் எத்தனை பயன்பாட்டில் என்று கீழே இருக்கும். பக்கத்தில் ஃபார்ம் ஃபேக்டர் என்ற வரியில் 'சோடிம்' என்று இருந்தால் கழற்றி மாட்டக்கூடிய ரேம். 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்தால் போர்டோடு சால்டர் செய்தது, அதை யாராலும் பெயர்த்து மாற்ற முடியாது. சில மாடல்களில் 8 ஜிபி சால்டர், ஒரு ஸ்லாட் காலி என்று பாதிக்குப் பாதி வரும், அது பரவாயில்லை. 2025 கடைசியில் ரேம் விலை கிடுகிடுவென ஏறியதிலிருந்து இந்தக் கணக்கே மாறிவிட்டது. முன்பெல்லாம் 8 ஜிபி வாங்கி இன்னொரு 8 போட்டுக்கொள்வது மலிவு. இப்போது ஏற்கெனவே 16 ஜிபி உள்ள பழைய மெஷின் கிடைத்தால் இரண்டாயிரம் மூவாயிரம் கூடக் கொடுத்தாலும் நஷ்டமில்லை.

ஸ்டிக்கரைப் படிப்பது எப்படி

இன்டெல் ப்ராசஸரில் ஐ5 என்பது குடும்பப் பெயர் மாதிரி. ஆளைச் சொல்லாது. ஐ5-7200யு, ஐ5-8250யு இரண்டும் ஐ5தான். முதலாவது ஏழாவது ஜெனரேஷன், 2 கோர். இரண்டாவது எட்டாவது ஜெனரேஷன், 4 கோர். அதோடு விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொள்வது, ஓரிரு விதிவிலக்கு தவிர, எட்டாவதிலிருந்துதான். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. எனவே பழைய மெஷின் கடையில் கேட்க வேண்டியது "ஐ5-ஆ?" என்று அல்ல, "எத்தனாவது ஜென்ங்க?" என்று. புது லேப்டாப்பில் ஐ3-1215யு கிடைத்தால் 'ஐ3 தானே' என்று ஒதுக்க வேண்டாம். 6 கோர் உள்ள அந்தச் சிப் எட்டாவது ஜெனரேஷன் ஐ5-ஐத் தூக்கிச் சாப்பிடும்.

ஏஎம்டியில் வேறு மாதிரிச் சிக்கல். ரைசன் 5 7520யு என்று பார்த்ததும் 7000 வரிசை, புதுசு என்று தோன்றும். 7000 வரிசை லேப்டாப் சிப்களில் மூன்றாவது எண்தான் உள்ளே இருக்கும் கோரின் வயதைச் சொல்கிறது. 7520-இல் அது 2, அதாவது பழைய ஜென் 2 கோர், அதுவும் 4 மட்டுமே. 7530-இல் அது 3, ஜென் 3 கோர், 6 இருக்கிறது. ஒரே ஒரு எண் வித்தியாசம், ஆனால் இரண்டும் வேறு வேறு ஜாதி. 7520யுவும் அதன் தம்பி 7320யுவும் எல்பிடிடிஆர்5 வகை ரேம் மட்டுமே ஏற்கும். அது சால்டர் செய்துதான் வரும். 8 ஜிபியோடு வாங்கினால் கடைசி வரை 8 ஜிபிதான். ஆஃபர் விளம்பரங்களில் இந்த இரண்டும் அடிக்கடி கண்ணில் படும்.

செலரான் போட்டு 64 ஜிபி இஎம்எம்சி சேமிப்போடு வரும் குட்டி லேப்டாப்புகளைத் தொடவே வேண்டாம். விண்டோஸ் அப்டேட் இரண்டு வந்தாலே இடம் நிறைந்துவிடும். கேமிங் லேப்டாப்பும் தேவையில்லை. கிராஃபிக்ஸ் கார்டு வெப் பக்கம் எழுதுவதற்கு ஒரு உதவியும் செய்யாது, எடையும் சூடும்தான் கூடும், பேட்டரி சீக்கிரம் தீரும். மேக் நல்ல மெஷின், ஆனால் அந்தக் காசுக்கு லேப்டாப், மானிட்டர், யுபிஎஸ் மூன்றும் வாங்கிவிடலாம்.

வீட்டில் கிடக்கும் கவர்ன்மெண்ட் லேப்டாப்

2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப் இந்த இரண்டு மாவட்டங்களிலும் எத்தனையோ வீட்டு பீரோவில் தூங்குகிறது. 2 ஜிபி அல்லது 4 ஜிபி ரேம், சுழலும் ஹார்டு டிஸ்க். ஆன் செய்தால் ஐந்து நிமிஷம் விளக்கு மினுக்கும். குப்பை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 4 ஜிபி உள்ளதாக இருந்தால் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், அடிப்படை ஜாவாஸ்கிரிப்ட் வரை அதிலேயே ஓட்டலாம்.

செய்ய வேண்டியது இரண்டே. ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் 240 அல்லது 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி, 2.5 அங்குல அளவு, மாட்ட வேண்டும். அடியில் உள்ள திருகுகளைக் கழற்றினால் போதும், தனிச் சாமான் எதுவும் வேண்டாம். பழைய டிஸ்க்கைப் பிடித்திருக்கும் தகரச் சட்டத்தைப் புதியதற்கு மாற்ற மறந்தால் எஸ்எஸ்டி உள்ளே ஆடிக்கொண்டிருக்கும், கனெக்டர் கழன்று 'பூட் டிவைஸ் இல்லை' என்று வரும். ரேமும் ஏற்றுவதாக இருந்தால் பழைய ரேமின் ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டுத்தான் கடைக்குப் போக வேண்டும். பிசி3எல் என்றால் டிடிஆர்3எல், பிசி4 என்றால் டிடிஆர்4. இரண்டுக்கும் வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் மாற்றி வாங்கினால் உட்காராது. அழுத்தி உட்கார வைக்கப் பார்த்தால் ஸ்லாட் போய்விடும்.

இரண்டாவது, விண்டோஸை விட்டுவிட்டு லினக்ஸ் மின்ட், அதிலும் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 4 ஜிபி பென்டிரைவ் போதும், இன்ஸ்டால் அரை மணி நேரம். சும்மா இருக்கும்போது ஒரு ஜிபிக்குள் அடங்கிவிடும், மிச்சம் மூன்று நமக்கு. ஆனாலும் கட்டுப்பாடு வேண்டும். யூடியூப் பாடம் போனில், கோட் லேப்டாப்பில். ரியாக்ட் பாடம் வரும்போது இந்த மெஷின் மல்லுக்கட்டும், அப்போது அடுத்ததைப் பார்த்துக்கொள்ளலாம். கழற்றிய ஹார்டு டிஸ்க்கை யுஎஸ்பி கேஸ் ஒன்றில் போட்டால் பேக்கப் டிஸ்க் ஆகிவிடும்.

பழைய லேப்டாப் வாங்கும்போது

என் தேர்வைக் கேட்டால், கம்பெனிகள் பயன்படுத்திக் கழித்த பிசினஸ் லேப்டாப்தான். புதுசாக 30 ஆயிரத்துக்குக் கிடைப்பதைவிட கீபோர்டும் கீலும் உறுதி, ரேம் மாற்றலாம், ஸ்பேர் கிடைக்கும். எட்டாவது ஜெனரேஷனில் திங்க்பேட் டி480, டெல் லாட்டிட்யூட் 5490, எச்பி எலைட்புக் 840 ஜி5 மூன்றும் கண்ணை மூடிக்கொண்டு பட்டியலில் வைக்கலாம். மூன்றிலும் ரேம் ஸ்லாட் இரண்டு. டி480-க்கு உள்ளே ஒரு பேட்டரி, வெளியே ஒரு பேட்டரி. வெளிப் பேட்டரியை மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றலாம். காலை 9 மணிக்கு மாதாந்திரப் பராமரிப்பு என்று கரண்ட் எடுத்தால் சாயங்காலம் வரை வராத ஊர்களுக்கு இது பெரிய விஷயம். பெயர் ஒன்றுபோல் இருக்கிறதே என்று டி480எஸ் எடுத்துவிட வேண்டாம், அதில் ரேமில் ஒரு பாதி சால்டர், வெளிப் பேட்டரியும் கிடையாது.

ஓசூரிலிருந்து பெங்களூரு 40 கிலோமீட்டர்தான், எஸ்பி ரோட்டில் எல்லாம் குவிந்து கிடக்கிறது, விலையும் குறைவு. எஸ்எஸ்டி, அடாப்டர், கேபிள் வாங்க அங்கே போகலாம். மெஷினை மட்டும், அரை நாளில் போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வரக்கூடிய தூரத்தில் எடுங்கள். அரூர், பென்னாகரத்திலிருந்து பெங்களூருவுக்கு இரண்டு முறை வாரண்டிக்காக அலைந்தால் மிச்சம் பிடித்த காசு பஸ்ஸுக்கே போய்விடும். புது லேப்டாப்புக்கும் இதே கதைதான். ஆன்சைட் வாரண்டியா, நாம் தூக்கிக்கொண்டு போக வேண்டியதா, சர்வீஸ் சென்டர் தருமபுரியா சேலமா ஓசூரா என்று வாங்கும் முன் பின்கோடு போட்டுப் பாருங்கள். பில் இல்லாமல் எதையும் எடுக்க வேண்டாம்.

கடை மேஜையில் இருபது நிமிஷம் உட்காருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

முதலில் கீபோர்டு. நோட்பேடைத் திறந்து எல்லா எழுத்தையும் அடிக்க வேண்டும். வெப் வேலைக்கு உயிர்நாடி ஓரத்தில் உள்ள சாவிகள்: கோண அடைப்பு, சுருள் அடைப்பு, சதுர அடைப்பு, சாய்கோடு, அரைப்புள்ளி, இரட்டை மேற்கோள், எஸ்கேப்புக்குக் கீழே உள்ள பேக்டிக். இறக்குமதியான பழைய லேப்டாப்புகளில் பிரிட்டிஷ் கீபோர்டு கலந்து வரும். என்டர் சாவி எல் வடிவத்தில் நெட்டுக்குத்தலாக இருந்தால் உஷார். அதில் அட் குறியும் இரட்டை மேற்கோளும் இடம் மாறியிருக்கும். விண்டோஸில் அமெரிக்க லேஅவுட் வைத்துக்கொண்டால் அடிப்பது ஒன்று, சாவியில் இருப்பது ஒன்று. பழகின ஆள் சமாளிப்பார், புதிதாகப் பழகுகிறவருக்குத் தினமும் தலைவலி.

அடுத்து பேட்டரி. கமாண்ட் ப்ராம்ப்டில் பவர்சிஎஃப்ஜி, ஒரு இடைவெளி, சாய்கோடு, பேட்டரிரிப்போர்ட் என்று ஆங்கிலத்தில் அடித்தால் ஒரு எச்டிஎம்எல் ஃபைல் உருவாகும், எங்கே என்று அதுவே சொல்லும். டிசைன் கெப்பாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி என்று இரண்டு எண் அதில் இருக்கும். முதலாவது 48,000, இரண்டாவது 26,000 என்றால் பேட்டரியில் பாதிக்குச் சற்று மேல்தான் உயிர் இருக்கிறது. 70 சதவீதத்துக்குக் கீழே என்றால் புது பேட்டரி விலையைக் கழித்துக் கேளுங்கள். எஸ்எஸ்டிக்கு கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் பென்டிரைவில் கொண்டுபோனால் ஹெல்த் சதவீதமும் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதும் தெரியும்.

சார்ஜரையும் பாருங்கள், குறிப்பாக டெல்லில். டெல் பின்னின் நடுவில் ஒரு ஊசி உண்டு. சார்ஜர் எத்தனை வாட் என்று லேப்டாப்புக்குச் சொல்வது அதுதான். டூப்ளிகேட் சார்ஜரிலோ ஊசி வளைந்திருந்தாலோ 'அடாப்டர் வகை தெரியவில்லை' என்று ஆன் ஆகும்போதே எச்சரிக்கை வரும். அதைத் தாண்டிவிட்டால் மெஷின் ஓடும், ஆனால் ப்ராசஸர் வேகத்தைத் தானாகக் குறைத்துக்கொள்ளும், பேட்டரியும் ஏறாது. 'லேப்டாப் ஸ்லோ' என்று வருவதில் சில இந்தச் சார்ஜர் கேஸ்தான்.

கடைசியாக, பெரும்பாலோர் பார்க்காமல் விடுவது. கம்பெனியிலிருந்து வந்த லேப்டாப் அந்தக் கம்பெனியின் பட்டியலிலிருந்து நீக்கப்படாமலே வெளியே வந்திருக்கலாம். வாங்கும்போது நன்றாக ஓடும். ஆறு மாதம் கழித்து ரீசெட் செய்து நெட்டில் இணைத்ததும் ஏதோ ஒரு கம்பெனியின் பெயரைச் சொல்லி, அலுவலக இமெயிலும் பாஸ்வேர்டும் கேட்கும். அதைத் தாண்டிப் போக நேர்வழி கிடையாது. கடையிலேயே ரீசெட் செய்யச் சொல்லி, நம் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, முதல் செட்டப் முடியும் வரை இருந்து பாருங்கள். ஆன் ஆகும்போதே சாவியைத் தட்டி, அடிப்படை செட்டிங்ஸ் திரையான பயாஸுக்குள் போக முடிகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்: டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10, திங்க்பேடில் எஃப்1. பாஸ்வேர்டு கேட்டால் எடுக்காதீர்கள். செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தில் 'டிஜிட்டல் லைசென்ஸ்' என்று இருந்தால் சரி. 'உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை' என்று இருந்தால், அநேகமாகக் கிராக் போட்டது. அதோடு என்னென்ன ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது, சுத்தமாக ஃபார்மட் செய்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும்.

டெஸ்க்டாப்பும் கரண்டும்

மெஷின் வீட்டை விட்டு நகரப்போவதில்லை என்றால் அதே காசுக்கு டெஸ்க்டாப் இன்னும் வேகம். பழைய ஆஃபீஸ் மெஷினில் ஆப்டிபிளெக்ஸ் 3060, 5060, திங்க்சென்டர் எம்720 மாதிரி, ஐ5-8500 உள்ளதாகப் பாருங்கள். 6 கோர். ஆப்டிபிளெக்ஸ் 7010, 3020 என்று மலிவாகக் கிடைக்கும் பழையவை மூன்றாவது, நான்காவது ஜெனரேஷன், லினக்ஸுக்கு மட்டும்தான். இந்த ஆஃபீஸ் பெட்டிகளில் இரண்டு விஷயம் காலை வாரும். பலவற்றில் வைஃபை கிடையாது, யுஎஸ்பி வைஃபை அடாப்டர் தனியாக வாங்க வேண்டும். பலவற்றில் எச்டிஎம்ஐ இல்லாமல் டிஸ்ப்ளேபோர்ட் மட்டும் இருக்கும், டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் கேபிள் வேண்டும். திசை முக்கியம். எச்டிஎம்ஐயிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட்டுக்குப் போகும் கேபிளை வாங்கி வந்தால் திரை கருப்பாகவே இருக்கும்.

யுபிஎஸ் கட்டாயம். 600 விஏ யுபிஎஸ் என்றால் சுமார் 360 வாட் தாங்கும், உள்ளே 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்று. பெருக்கினால் 84 வாட்-அவர். மானிட்டரோடு சேர்த்து 80 வாட் இழுக்கும் மெஷினுக்கு ஒரு மணி நேரம் வர வேண்டுமே என்று தோன்றும். வராது. வேகமாக இழுத்தால் அந்தப் பேட்டரி முழுக் கொள்ளளவும் தராது, ஏசியாக மாற்றுவதில் இன்னும் கொஞ்சம் போகும். புதிதில் இருபது, இருபத்தைந்து நிமிஷம், இரண்டு வருஷம் கழித்து ஐந்து பத்து. ஃபைலைச் சேவ் செய்து மூடுவதற்கான அவகாசம்தான் அது, வேலையை ஓட்டுவதற்கு அல்ல. லேப்டாப் வைத்திருப்பவரும் எர்த் உள்ள ப்ளக்கில் சொருகுவது நல்லது.

தூசியையும் சொல்லியாக வேண்டும். கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் கிரானைட் பட்டறைக்கு அருகில் வீடு இருந்தால் ஃபேனில் மாவு மாதிரி படிந்துவிடும். லேப்டாப்பை மெத்தையில் வைக்காமல், வருஷம் ஒரு முறை திறந்து பிரஷ்ஷால் தட்டி, தெர்மல் பேஸ்ட் மாற்றினால் சித்திரை வெயிலிலும் தாக்குப்பிடிக்கும். ஷீட் போட்ட வீட்டில் மதியம் இரண்டு மணிக்கு வேகம் குறைவது கோளாறு அல்ல, சூட்டில் ப்ராசஸர் தானே அடக்கிக்கொள்வதுதான்.

திரையில் ஒன்றை மட்டும் பாருங்கள்: 1920க்கு 1080 பிக்சல். 1366க்கு 768 திரையில் ஒரு பக்கம் கோட், ஒரு பக்கம் பிரவுசர் வைத்தால் இரண்டும் 683 பிக்சல் அகலத்தில் நசுங்கும், டெஸ்க்டாப் அகலத்தில் பக்கம் எப்படி இருக்கும் என்றே தெரியாது. வசதி இருந்தால் பழைய 22 அங்குல மானிட்டர் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ப்ராசஸரில் ஒரு படி ஏறுவதைவிட இதில் பலன் அதிகம்.

மெஷின் வந்த பிறகு

முதல் நாளே செய்ய வேண்டியது: ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ, ஷோ போய் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன் என்பதை ஆன் செய்வது. விண்டோஸ் ஃபைலின் வாலை மறைத்து வைத்திருக்கும். நோட்பேடில் இண்டெக்ஸ்.எச்டிஎம்எல் என்று சேவ் செய்ததாக நினைத்திருப்பீர்கள், உண்மையில் அது இண்டெக்ஸ்.எச்டிஎம்எல்.டிஎக்ஸ்டி ஆகியிருக்கும். பிரவுசரில் கோட் அப்படியே எழுத்தாகத் தெரிந்தால் காரணம் இதுதான்.

இரண்டாவது, ப்ராஜெக்ட் எங்கே வைப்பது. விண்டோஸ் 11 செட்டப்பில் கேட்டதற்கெல்லாம் சரி என்று சொல்லியிருந்தால் டெஸ்க்டாப்பும் டாக்குமெண்ட்ஸும் ஒன்டிரைவுக்குள் போயிருக்கும். அங்கே ரியாக்ட் ப்ராஜெக்ட் ஒன்றை வைத்தால், நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரில் வந்து இறங்கும் ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல்களை ஒன்டிரைவ் ஒவ்வொன்றாக மேலே ஏற்றும். ஒன்றரை ஜிபி தினசரி டேட்டா மத்தியானத்துக்குள் காலி. சில நேரம் ஃபைலைப் பூட்டிக்கொண்டு இன்ஸ்டாலையே கெடுக்கும். சி டிரைவில் நேராக ஒரு ஃபோல்டர் போடுங்கள். பெயர் ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல்.

விஎஸ் கோடில் லைவ் சர்வர், கோடை ஒழுங்காக அடுக்கித் தரும் ப்ரெட்டியர் என்று இரண்டு எக்ஸ்டென்ஷன் ஆரம்பத்துக்குப் போதும். இருபது போட்டால் ரேம் போகும். லைவ் சர்வர் ஏன் என்றால், ஃபைலை இரட்டைக் கிளிக் செய்து பிரவுசரில் திறந்தால் ஜாவாஸ்கிரிப்ட் மாட்யூல்கள் ஓடாது. ஃபைலை நேராகத் திறந்த பக்கத்தில் மாட்யூலை இறக்க பிரவுசர் பாதுகாப்புக்காக மறுக்கும், கன்சோலில் கார்ஸ் என்று சிவப்பில் வரும். சர்வர் வழியாகத் திறந்தால் அந்தப் பிரச்சினை இல்லை. நோட் தேவைப்படும்போது எல்டிஎஸ் என்று போட்டிருப்பதை, அதாவது நீண்ட கால ஆதரவு உள்ளதை, இறக்குங்கள். இன்ஸ்டால் முடிந்து என்பிஎம் என்று அடித்ததும் 'இந்தக் கணினியில் ஸ்கிரிப்ட் ஓட்ட அனுமதியில்லை' என்று பவர்ஷெல் சொன்னால் நோடில் பிழை எதுவும் இல்லை. பவர்ஷெல்லின் பூட்டு அது. விஎஸ் கோடின் டெர்மினலைக் கமாண்ட் ப்ராம்ப்டுக்கு மாற்றினால் சரியாகிவிடும். விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல் இப்போது வேண்டாம், அது மொத்த ரேமில் பாதி வரை எடுத்துக்கொள்ளும்.

ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுகிறவர் அந்த வைஃபை பெயரின் ப்ராப்பர்ட்டீஸில் 'மீட்டர்ட் கனெக்‌ஷன்' ஆன் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் விண்டோஸ் அப்டேட் சொல்லாமல் கொள்ளாமல் ஜிபி கணக்கில் இறக்கும். பாடக் குறிப்புகளுக்கு டெவ்டாக்ஸ் தளத்தில் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் மூன்றையும் ஒரு முறை ஆஃப்லைனுக்கு இறக்கிவிட்டால் சிக்னல் இல்லாத மலையடிவார ஊரிலும் படிக்கலாம்.

தமிழ் எழுத்துக்கு: விண்டோஸிலேயே தமிழ் 99 விசைப்பலகை இருக்கிறது, மொழி செட்டிங்கில் சேர்த்தால் போதும். டிடிபி கடையில் அடித்துக் கொடுத்த மேட்டரை மட்டும் அப்படியே ஒட்டாதீர்கள். பாமினி மாதிரிப் பழைய ஃபாண்ட்டில் அடித்ததாக இருந்தால், யூனிகோட் இல்லாததால் பிரவுசரில் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். யூனிகோடாக மாற்றிவிட்டுத்தான் போட வேண்டும். விண்டோஸில் நிர்மலா ஃபாண்ட், ஆண்ட்ராய்டில் நோட்டோ, இரண்டின் அகலமும் வேறு. லேப்டாப்பில் ஒரே வரியில் நின்ற பட்டன் எழுத்து போனில் இரண்டு வரியாக உடையும். வரி உயரத்தை 1.6 வைத்தால் கொம்பும் சுழியும் மேல் வரியில் இடிக்காது.

எனவே போனில் பார்க்காமல் எதையும் முடிந்தது என்று சொல்ல முடியாது. லேப்டாப்பும் போனும் ஒரே நெட்வொர்க்கில் இருந்தால், ஹாட்ஸ்பாட் தரும் போனே ஆனாலும், போன் குரோமில் லேப்டாப்பின் ஐபி முகவரியும் போர்ட் எண்ணும் அடித்தால் பக்கம் வரும், 192.168.43.15:5500 என்பது மாதிரி. ஐபி முகவரி கமாண்ட் ப்ராம்ப்டில் ஐபிகான்ஃபிக் அடித்தால் தெரியும், 5500 என்பது லைவ் சர்வரின் வழக்கமான போர்ட். பக்கம் வராமல் சுற்றிக்கொண்டே இருந்தால் விண்டோஸ் ஃபயர்வால் தடுக்கிறது. நெட்வொர்க்கைப் பப்ளிக்கிலிருந்து பிரைவேட்டுக்கு மாற்றி, விஎஸ் கோடுக்கு அனுமதி கொடுங்கள். ரியாக்ட் ப்ராஜெக்டை ஓட்டிக் காட்டும் 'வீட்' என்ற கருவியைப் பயன்படுத்தினால் அது தன் மெஷினுக்கு மட்டும்தான் பதில் சொல்லும், ஹோஸ்ட் என்ற ஆப்ஷனோடு ஓட்டினால்தான் போனுக்கும் கதவு திறக்கும்.

பழகுவதற்கு சந்தூர் மாங்கன்று நர்சரிக்கு ஒரு பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போனில் எடுத்த 20 படம், ஒவ்வொன்றும் 4 எம்பி. அப்படியே போட்டால் பக்கம் 80 எம்பி, வாங்க வருகிறவர் பாதியிலேயே மூடிவிடுவார். 1200 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து வெப்பி வடிவில் சேமித்தால் ஒவ்வொன்றும் பெரும்பாலும் 200 கேபிக்குள் வந்துவிடும். பக்கத்தை நெட்டில் வெளியிடும் சேவையான கிட்ஹப் பேஜஸில் ஏற்றிய பிறகு லேப்டாப்பில் தெரிந்த படம் அங்கே மட்டும் காணாமல் போனால் ஃபைல் பெயரைப் பாருங்கள். கேமரா படத்தின் வால் பெரிய எழுத்து ஜேபிஜி, கோடில் நீங்கள் எழுதியது சிறிய எழுத்து. விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று, கிட்ஹப் சர்வருக்கு இரண்டும் வேறு ஃபைல். பெயரை மாற்றுவதிலும் ஒரு வம்பு உண்டு. எழுத்தின் பெரிது சிறிதை மட்டும் மாற்றினால் கோடின் மாற்றங்களைப் பதிவு செய்யும் மென்பொருளான கிட், விண்டோஸில் அதை மாற்றமாகவே எடுத்துக்கொள்ளாது. முதலில் வேறு பெயர் வைத்து ஒரு கமிட் (பதிவு), பிறகு சரியான பெயருக்கு மாற்றி இன்னொரு கமிட், அப்புறம் புஷ் (கிட்ஹப்புக்கு ஏற்றுவது).